ஆறகளூரில் ஒரு மைல்கல், வழியில் ஒரு சுமைதாங்கி

ஆட்டோ விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், இன்னும் மனசு ஆறவில்லை. சேலத்திலிருந்து தலைவாசல் வரை பேருந்தில் நின்றுகொண்டே வந்தேன். அங்கிருந்து ஆறகளூருக்கு 300 ரூபாய் கேட்டார் ஓட்டுநர். கெஞ்சிக் கூத்தாடி 250. அன்றைய செலவுக்கே 600தான் எடுத்து வைத்திருந்தேன். அந்தத் தூரத்துக்கு இது அநியாயம்.

ஆனால் அந்தக் கல்லுக்கு முன்னால் போய் நின்றதும் காசு மறந்துவிட்டது. 13-ஆம் நூற்றாண்டு மைல்கல். மகதேசன் பெருவழி என்ற பழைய நெடுஞ்சாலையில் காஞ்சிபுரத்துக்கு 16 காதம் என்கிறது. காதம் என்பது அந்தக் காலத்துத் தூர அளவு. தர்மபுரிப் பக்கம் கிடைத்த அதியமான் பெருவழிக் கல் இதற்கும் ஒரு படி மேல். நாவல் தாவளத்துக்கு 29 காதம் என்று எழுதி, படிக்கத் தெரியாதவர்களுக்காக 2 பெரிய குழி, 9 சிறிய குழி வெட்டியிருக்கிறார்கள். பெரியது பத்து, சிறியது ஒன்று. இருட்டில் விரலால் தடவினாலும் கணக்கு கிடைத்துவிடும்!

தாவளம் என்றால் வணிகர்கள் தங்கும் இடம். அதே நூற்றாண்டில், 1229-இல், துருக்கியில் கட்டிய சுல்தான் ஹான் விடுதி கோட்டை மாதிரி இருக்கும். சுற்றிலும் கனத்த கல்மதில், பாரம் ஏற்றிய ஒட்டகம் அப்படியே நுழையும் உயரத்தில் ஒரே வாசல், நடுவில் முற்றம், குளிர்காலத்துக்கென்று தனியாக மூடிய கூடம். நம் ஊர் வெயிலுக்கு மூடிய கூடம் எதற்கு? நாலு பக்கமும் காற்று வரும் தூண் மண்டபம், பக்கத்தில் குளமோ கிணறோ, போதும். காவலுக்கு ஐநூற்றுவர் போன்ற வணிகக் குழுக்கள் சொந்தமாக வீரர்களையே வைத்திருந்தன.

இன்னொரு 250 கொடுக்க மனசில்லாமல் தலைவாசலுக்கு நடந்தே கிளம்பினேன். பாதி வழியில், புளியமரத்தடியில் ஒரு சுமைதாங்கிக் கல். இரண்டு கல்லை நட்டு, மேலே குறுக்கே ஒரு பலகைக்கல், அவ்வளவுதான். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக இதை நட்டுவைப்பது அந்தக் காலத்து வழக்கம். அவள் இறக்கி வைக்க முடியாத சுமையை வழிப்போக்கர்களாவது இறக்கி வைக்கட்டும் என்று.

முதுகுப் பையைக் கழற்றாமலே திரும்பி நின்று அதன்மேல் சாய்த்தேன். குனியவும் வேண்டாம், எம்பவும் வேண்டாம். தூக்கிவிட ஆள் இல்லாமல் தனியாக வருகிறவனுக்கு என்றே அளந்து வைத்த உயரம். பலகைக்கல்லின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து வழவழவென்று இருந்தது. அப்புறம் பத்து நிமிடம் அங்கேயே நின்றேன்.