சப்நெட்டிங் கைக்கு வந்த விதம்

சிசிஎன்ஏ, நெட்வொர்க் பிளஸ் என்ற நெட்வொர்க்கிங் சான்றிதழ்த் தேர்வுகளில் எதற்குப் படித்தாலும் ஆளை மலைக்க வைப்பது சப்நெட்டிங்தான், அதாவது ஒரு நெட்வொர்க்கின் ஐபி முகவரிகளைச் சிறு நெட்வொர்க்குகளாகப் பிரிப்பது. முகவரியை பைனரிக்கு மாற்றிப் போடும் முறையைத் தாளில் பத்துத் தடவை செய்தால், ஏன் அப்படி வருகிறது என்பது பிடிபட்டுவிடும். அதன்பிறகு அதை விட்டுவிடலாம்; தேர்வில் அதற்கு நேரம் பத்தாது. கைகொடுத்தது, முகவரிகளைச் சம அளவுத் தொகுதிகளாகப் பார்க்கும் பிளாக் கணக்குதான்.

172.16.37.150/20 எந்த நெட்வொர்க்கில் இருக்கிறது என்று ஒரு கேள்வி. /20 என்றால் முகவரியின் முதல் 20 பிட் நெட்வொர்க்கைக் குறிக்கிறது. முதல் இரண்டு ஆக்டெட்டுக்கு (புள்ளிகள் பிரிக்கும் 8 பிட் பகுதி) 16 பிட் போக, மூன்றாவதில் 4 பிட். அதாவது, அந்த 20 பிட்டைக் காட்டும் மாஸ்க் 255.255.240.0. 256-இல் 240 போனால் 16. மூன்றாவது ஆக்டெட் 0, 16, 32, 48 என்று தாவும். 37 விழுவது 32-இல் தொடங்கும் பிளாக்கில். ஆகவே நெட்வொர்க் 172.16.32.0, எல்லாக் கணினிக்கும் ஒருசேர அனுப்பும் பிராட்காஸ்ட் முகவரி 172.16.47.255. 32 பிட்டில் மீதி, கணினிகளுக்கான ஹோஸ்ட் பிட் 12. அதில் வரும் 4096-இல் இந்த இரண்டு முகவரிகளைக் கழித்தால், கணினிகளுக்கு 4094 முகவரிகள்.

பலர் சறுக்குவது இங்கேதான்: இதே நெட்வொர்க்கில் 172.16.40.255-ஐ ஒரு கணினிக்குக் கொடுக்கலாமா? தாராளமாகக் கொடுக்கலாம். 172.16.33.0-ஐயும் கொடுக்கலாம். 255-இல் முடிந்தாலே பிராட்காஸ்ட் என்ற பழக்கம் /24-ஐ மட்டுமே பார்த்துப் பார்த்து வந்தது.

போட்ட கணக்கை அன்றைக்கே பாக்கெட் டிரேசர் என்ற நெட்வொர்க் ஒத்திகை மென்பொருளில் கட்டிப் பார்ப்பது அவசியம். 192.168.10.0/26-ஐயும் 192.168.10.64/26-ஐயும் ரவுட்டரின் இரண்டு போர்ட்டுகளில் வைத்து, அந்தப் போர்ட்டுகளுக்கு .1, .65 என்று (கடைசி எண் மட்டும்) முகவரி கொடுங்கள்; முதல் நெட்வொர்க்கில் .10, இரண்டாவதில் .70 என்று ஆளுக்கொரு கணினி வையுங்கள். ரவுட்டர் போர்ட் இயல்பாகவே அணைந்திருக்கும்; அதை இயக்கும் 'நோ ஷட்டவுன்' கட்டளையைக் கொடுக்காதவரை எதுவும் நகராது. இணைப்பைச் சோதிக்கும் பிங்கில் முதலாவது தவறிப்போய் அடுத்தவை வந்தால் பதற வேண்டாம், ஐபி முகவரிக்குரிய மேக் முகவரியை (கருவியின் வன்பொருள் முகவரி) ஆர்ப் என்ற நெறிமுறை தேடிக்கொண்டிருந்த நேரம் அது. 169.254-இல் தொடங்கும் முகவரி தெரிந்தால் முகவரி வழங்கும் டிஎச்சிபி சர்வரிடமிருந்து பதில் வரவில்லை என்று பொருள்.

.10 கணினியிலிருந்து .65-க்குப் பதில் வருகிறது, .70 கணினிக்கு வரவில்லை என்றால்? எல்லோரும் .10-இன் அமைப்பையே திரும்பத் திரும்பக் குடைவார்கள். பாக்கெட் போய்ச் சேர்ந்திருக்கும், பதிலைத் திருப்பி அனுப்ப .70-க்கு வழி தெரியாது. அதன் டீஃபால்ட் கேட்வேயை (வெளி நெட்வொர்க்குக்குப் போகும் ரவுட்டர் முகவரி) பாருங்கள். நிஜக் கணினி என்றால் விண்டோஸ் ஃபயர்வாலும் பிங்கைத் தடுத்திருக்கலாம்.

.10-இல் மாஸ்க்கை மாற்ற மறந்து /24-ஆகவே விட்டிருந்தால், அது .70-ஐத் தன் நெட்வொர்க் என்றே நினைத்து நேரடியாக ஆர்ப் கேட்கும். அந்தக் கேள்வி ரவுட்டரைத் தாண்டாது. ஆனால் ரவுட்டரில், வேறு கணினிக்காகத் தானே ஆர்ப் பதில் சொல்லும் ப்ராக்ஸி ஆர்ப் இயங்கினால் ரவுட்டரே பதில் சொல்லிவிடும், பிங் ஒழுங்காகப் போகும், பிழை அப்படியே மறைந்து கிடக்கும். அதனால் பிங் போனாலும் முகவரி அமைப்பைக் காட்டும் 'ஐபிகான்ஃபிக்' கட்டளையை அடித்து மாஸ்க் 255.255.255.192 தானா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.