அப்பா வீட்டுக்கு வந்துட்டார்

அப்பாவுக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தி, நல்லபடியா வீட்டுக்கு வந்துட்டார். ரத்தம் கொடுத்தவங்க, வேண்டிக்கிட்டவங்க, ராத்திரியெல்லாம் துணைக்கு இருந்தவங்க எல்லாருக்கும் நன்றி.

டயாலிசிஸ்ல இருந்தவரை தண்ணியைக்கூட அளந்துதான் குடிப்பார். நாக்கு வறண்டா ஒரு துண்டு ஐஸ், அவ்வளவுதான். இப்போ டாக்டரே நல்லா குடிங்கன்னு சொல்றார். நேத்து ஒரு சொம்புத் தண்ணியை அண்ணாந்து மடமடன்னு குடிச்சார். அம்மா முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டே பக்கத்துல நின்னாங்க.

கொடுத்தவர் யார்னு எங்களுக்குச் சொல்லமாட்டாங்க. மூளைச்சாவு அடைஞ்ச ஒருத்தரோட வீட்டார், அந்த அழுகைக்கு நடுவுல கையெழுத்துப் போட்டிருக்காங்க. எங்களுக்கு போன் வந்த ராத்திரி அவங்க வீட்டுல சாவு. அதை நினைக்காம எங்களால சந்தோஷப்பட முடியல. 2023 செப்டம்பர்ல அறிவிச்சதுலேர்ந்து, உறுப்பு தானம் செஞ்சவங்களுக்குத் தமிழ்நாட்டுல அரசு மரியாதையோட இறுதிச் சடங்கு நடக்குது. அந்தக் குடும்பத்துக்கு எங்க காலம் உள்ளவரை கடன்பட்டிருக்கோம்.

புதுச் சிறுநீரகத்தை உடம்பு ஏத்துக்காம ஒதுக்கிடக் கூடாதுன்னு டாக்ரோலிமஸ்னு ஒரு மாத்திரை தினமும் நேரம் தவறாம போடணும். அது எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், தொத்து சுலபமா வந்துடும். அதனால பார்க்க வர நினைக்கிற சொந்தபந்தங்க கொஞ்ச நாள் பொறுத்து வாங்க. போன் பண்ணுங்க, அப்பா ஆசையா பேசுவார்.