நான்கு ஆணித்துளைகள்

இன்று காலை, புயலில் பிய்ந்து முற்றத்தில் விழுந்து கிடந்த கூரை ஷிங்கிள் ஒன்றை (ஓடுபோல வரிசை வரிசையாக ஒன்றன்மேல் ஒன்று படிய ஆணியடித்து ஒட்டும், மேலே மணல்துகள் பூசிய தார்த்தகடு) எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்.

நான்கு ஆணித்துளைகள். நான்குமே, ஆணி அடிப்பதற்கென்று தயாரிப்பாளர் குறித்திருந்த கோட்டுக்கு 2 அங்குலம் மேலே இருந்தன.

அந்தக் கோட்டில் அடித்தால்தான் ஆணி, கீழ் வரிசை ஷிங்கிளின் மேல்விளிம்பையும் சேர்த்துப் பிடிக்கும். மேலே தள்ளி அடித்தால், எத்தனை ஆணி அடித்தாலும் பிடிப்பில் பாதி போய்விடுகிறது. அடிப்புறத்துப் பசையிலோ தூசி மட்டுமே படிந்திருந்தது. அது சரியாக ஒட்டியிருந்தால், பிய்ந்து வரும்போது கீழ் ஷிங்கிளின் மணல்துகள்களையும் பெயர்த்துக்கொண்டு வந்திருக்கும்.

கூரை வேய்ந்தவர் காற்றின் மீது பழி போடுகிறார். காப்பீட்டு நிறுவனம், வேலையின் குறைபாட்டுக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்கிறது. தயாரிப்பாளரின் உத்தரவாதமோ பொருளின் குறையை மட்டுமே ஏற்கிறது.

மூவரும் சொல்வதில் ஓரளவு உண்மை இருப்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. காற்றும் கடுமையாகவே வீசியது. ஆனால் அதே காற்றில் பக்கத்துக் கூரைகள் நிலைத்து நின்றனவே! அந்த வேறுபாட்டை யார் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள்?

மழைநீர் மேலும் இறங்காதிருக்கத் தார்ப்பாய் விரிப்பதற்கு முன், ஒவ்வொரு வரிசையையும் அளவுநாடா வைத்துப் படமெடுத்தேன். பழுதுபார்த்த பின் இந்தத் துளைகளை எவருக்கும் காட்ட முடியாது.

தேதியிட்ட உறையில் அந்த ஷிங்கிள் இப்போது மேசை மேல் இருக்கிறது. எவரையும் சாராத ஆய்வாளர் ஒருவர் நாளை வருகிறார்.