சிவப்புக் கோடு விழாத இடங்கள்

நண்பர்கள் சிலர் தாங்கள் எழுதியதை இணையத்தில் போடுவதற்கு முன் எனக்கு அனுப்பிவைப்பார்கள். "ஒரு தடவை பார்த்துக் கொடுங்க" என்பதுதான் எல்லோரும் கேட்பது. மெய்ப்புப் பார்ப்பது என் பிழைப்பு இல்லை. பிழையில்லாத ஒரு பத்தியைப் படித்தால் எனக்கு மனம் நிறைந்துவிடும், அதனால் செய்கிறேன். சமீபகாலமாக அவர்கள் கூடவே ஒரு வரியும் சேர்த்து அனுப்புகிறார்கள்: "பிழைதிருத்தியில் போட்டுப் பார்த்துவிட்டேன், சிவப்புக் கோடு ஒன்றுகூட இல்லை." அப்போதும் நான் முதல் எழுத்திலிருந்துதான் படிக்கிறேன். ஏன் என்று எழுதிவிடலாம் எனத் தோன்றியது.

தோழி ஒருவர் காலமான தன் தந்தையைப் பற்றி எழுதியிருந்தார். அதில் ஒரு வரி: "அப்பா எனக்கு விட்டுச்சென்ற வலி இது." கட்டுரையின் முதல் பாதி முழுக்கப் பிரிவின் துயரம். அடுத்த பாதியில் அவரிடமிருந்து கற்றுக்கொண்டவை: சொன்ன நேரத்துக்குப் போய் நிற்பது, கடனை எழுதி வைப்பது. இந்த வரி இரண்டுக்கும் நடுவில் நின்றது. வலியா, வழியா? எதைப் போட்டாலும் பொருந்துகிறது. இலக்கணமும் இடிக்கவில்லை. கேட்டேன். "வழிதான்" என்று பதில் வந்தது. எந்த மென்பொருளும் அவரிடம் அதைக் கேட்டிருக்காது.

பிழைதிருத்தி வேலை செய்யும் விதம் அப்படி. எழுதிய சொல் தன் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் கோடு போடும். பக்கத்தில் இருக்கும் சொற்களைப் பரிந்துரைக்கும். 1964இலேயே பிரெட் டாமராவ் என்ற ஆய்வாளர் ஆங்கிலப் பிழைகளை எடுத்துப் பார்த்து, 80 சதவீதத்துக்கும் மேலானவை நான்கே வகைக்குள் அடங்குகின்றன என்று எழுதினார். ஓர் எழுத்து கூடியிருக்கும், ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கும், ஒன்றின் இடத்தில் வேறொன்று வந்திருக்கும், அல்லது பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் இடம் மாறியிருக்கும். இன்றைக்கும் பரிந்துரைப் பட்டியல்களுக்கு அடியில் இந்தக் கணக்கு இருக்கிறது. ஆனால் இது பலிக்க வேண்டுமானால், பிழையாக எழுதிய சொல் அகராதியில் இல்லாததாக இருக்க வேண்டும். தமிழில் நாம் செய்யும் பிழை பெரும்பாலும் இன்னொரு நல்ல சொல்லாகவே போய் விழுகிறது. அரிய, அறிய. கரை, கறை. மனம், மணம். கூரிய, கூறிய. விலை, விளை. எல்லாம் சொற்கள்தான், எல்லாம் பட்டியலில் இருப்பவைதான்.

இவற்றில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது ஒன்று உண்டு. யாரேனும் இறந்த செய்திக்குக் கீழே வரிசையாக "ஆழ்ந்த இறங்கல்" என்று வந்திருக்கும். இரங்குதல் என்றால் மனம் கசிதல். இறங்குதல் என்றால் கீழே வருதல். எழுதியவரின் துயரத்தில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் இழந்த வீட்டார் அந்த வரிகளைப் பிறகு ஒருநாள் திரும்பப் படிப்பார்கள் என்று நினைக்கும்போது, அங்காவது சின்ன ரகரம் விழுந்திருக்கக் கூடாதா என்று இருக்கிறது.

எழுதியதை வாய்விட்டுப் படித்தால் பிழை தெரிந்துவிடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். வாக்கியம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க அது நல்ல வழி. எழுத்துப்பிழைக்குப் பயன்படாது. இன்றைய பேச்சில் பெரும்பாலோர் ரகரத்தையும் றகரத்தையும் ஒரே மாதிரிதான் சொல்கிறோம். தந்நகரத்துக்கும் (ந) றன்னகரத்துக்கும் (ன) காதில் வித்தியாசமே கிடையாது. ழகரம் பலருக்கு ளகரமாகத்தான் வருகிறது. காது பிரிக்காததைக் கைக்குச் சொல்லித்தர வாயால் முடியாது. தமிழில் எழுத்துக்கூட்டு கண்ணில்தான் நிற்க வேண்டும். நிறையப் படிப்பவர்களுக்கு ஒரு சொல்லைப் பார்த்ததுமே "என்னவோ சரியில்லையே" என்று உறுத்துவது அதனால்தான்.

இதோடு தட்டச்சு முறையும் சேர்ந்துகொள்கிறது. ஆங்கில எழுத்துகளை ஒலிப்படி அடித்துத் தமிழாக்கும் முறைகளில் பெரும்பாலானவற்றில் சிறிய எழுத்துக்கு ல, ர, ன வரும். ஷிப்ட் விசையோடு அடித்தால்தான் ள, ற, ண. அவசரத்தில் விரல் ஷிப்டைத் தொடாமல் போய்விடும். ஒருவர் எழுதியதில் பிழைகள் எல்லாம் ஒரே திசையில் போயிருந்தால், அதாவது ளகரம் எல்லாம் லகரமாகவும் ணகரம் எல்லாம் னகரமாகவும் மாறியிருந்து, எதிர்ப்பக்கப் பிழை ஒன்றுமே இல்லாவிட்டால், அவருக்குத் தமிழ் தெரியவில்லை என்று நான் முடிவு கட்டுவதில்லை. அது விரலின் பிழை. இரண்டு பக்கமும் கலந்து வந்தால்தான் அது நினைவின் பிழை. இரண்டுக்கும் மருந்து வேறு.

1999இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. ண அடித்து உடனே ட அடித்தால் அதுவே புள்ளி வைத்து ண்ட என்று ஆக்கிவிடும். ந-வும் த-வும் சேர்ந்தால் ந்த. ன-வும் ற-வும் சேர்ந்தால் ன்ற. பழைய வாத்தியார்கள் டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்று பெயர் சொல்லிச் சொல்லிக் கொடுத்த அதே இணைகள்தான். நெடுங்கணக்கிலேயே இவை அடுத்தடுத்துத்தான் உட்கார்ந்திருக்கின்றன: ட ண, த ந, ற ன. இலக்கணம் தெரிந்த ஒருவர் அந்த விசைப்பலகைக்குள் இருக்கிறார் என்பது அடிக்கும்போதே தெரியும்.

சரி, கண்ணில் பதியாத சொல்லுக்கு என்ன செய்வது? அந்தச் சொல் எந்த வேரிலிருந்து வருகிறது என்று பார்ப்பேன். "பதட்டம்" என்று எங்கும் எழுதுகிறார்கள். ஆடு என்பதிலிருந்து ஆட்டம், ஓடு என்பதிலிருந்து ஓட்டம், கூடு என்பதிலிருந்து கூட்டம். அப்படியானால் பதட்டம் வர "பதடு" என்றொரு வினை வேண்டும். அப்படி ஒன்று இல்லை. இருப்பது பதறு. மாறு மாற்றம் ஆகிறது, ஏறு ஏற்றம் ஆகிறது, தடுமாறு தடுமாற்றம் ஆகிறது. பதறு பதற்றம்தான் ஆக முடியும். பேச்சில் பதட்டம் என்றே சொல்லிக்கொள்ளலாம், அது பேச்சின் வழக்கு. எழுத்தில் பதற்றம் என்று வரும்போது சொல் தன் குடும்பத்தோடு நிற்கிறது.

"சுவற்றில் எழுதாதே" என்பதும் இதே கதைதான். கிணறு, கிணற்றில். வயிறு, வயிற்றில். சோறு, சோற்றில். று என்று முடியும் இத்தகைய சொற்களுக்குத்தான் இந்த இரட்டிப்பு. நாம் சொல்வது சுவர்; "சுவறு" அல்ல. ஆகவே சுவரில். ஒருவருக்கு இதை ஒருமுறை விளக்கிவிட்டால் அப்புறம் அவர் அந்தச் சொல்லில் தவறுவதே இல்லை. "இது தப்பு, இது சரி" என்று வெறும் பட்டியலாகக் கொடுத்தால் அடுத்த மாதமே மறந்துவிடுகிறார்கள்.

மறுபக்கமும் உண்டு. சரியான சொல்லுக்குக் கீழே கோடு விழுவது. "வந்துகொண்டிருந்தவர்களுக்காகவும்" என்று அடித்துப் பாருங்கள். வா என்ற வினையில் தொடங்கி, தொடர்ச்சி, காலம், ஆள், பன்மை, வேற்றுமை, உம் என்று ஒவ்வொன்றாக ஒட்டி ஒரே சொல்லாக நிற்கிறது. எந்த அகராதியும் இதைத் தனிச் சொல்லாக வைத்திருக்காது. ஒரே வினையிலிருந்து இப்படி ஆயிரக்கணக்கில் பிறக்கும். ஹங்கேரி மொழிக்கும் இதே சிக்கல் உண்டு. அதற்காக லாஸ்லோ நேமெத் உருவாக்கிய ஹன்ஸ்பெல்தான் பயர்பாக்ஸ், லிப்ரெஆபிஸ் போன்றவற்றில் பிழை பார்க்கிறது. சொற்பட்டியல் ஒரு கோப்பில், ஒட்டுகளின் விதிகள் இன்னொரு கோப்பில் என்று பிரித்து வைக்கும் முறை அது. விதிகளை எவ்வளவு நிறைவாக எழுதுகிறோமோ அவ்வளவுதான் அது பார்க்கும். தமிழுக்கென்றே அந்த உழைப்பைப் போட்டவர்கள் இருக்கிறார்கள். நீச்சல்காரன் உருவாக்கிய வாணி எழுத்துப்பிழையையும், நாவி சந்திப்பிழையையும் பார்க்கின்றன. பேராசிரியர் தெய்வ சுந்தரத்தின் மென்தமிழ் சொல்லாளர் இருக்கிறது. இவர்களுக்கெல்லாம் தமிழில் எழுதும் ஒவ்வொருவரும் கடன்பட்டிருக்கிறோம். நான் வருந்துவது, பொதுவான பிழைதிருத்திகள் நல்ல சொற்களுக்கெல்லாம் கோடு போட்டுப் போட்டு, எழுதுபவர்கள் கோட்டையே பார்க்காமல் பழகிவிட்டார்களே என்றுதான். இன்னும் சிலர் கோடு மறையும்வரை சொல்லை வெட்டிச் சுருக்குகிறார்கள். அது இன்னும் மோசம்.

சந்தி பற்றி ஒன்று மட்டும். விட்டுவிடுகிறவர்களைவிட, பார்க்கும் இடத்திலெல்லாம் ஒற்றுப் போடுகிறவர்கள் இப்போது அதிகம். "வந்தப் பிறகு", "சொன்னப் போது" என்று எழுதுவார்கள். வந்த, சொன்ன போன்ற பெயரெச்சங்களுக்குப் பின்னால் வல்லினம் மிகாது. தந்த பலகை என்றால் யாரோ கொடுத்த பலகை. தந்தப் பலகை என்றால் யானைத் தந்தத்தில் செய்தது. கவனமாக எழுத வேண்டும் என்ற அக்கறையில் வரும் பிழை இது என்பதால், இதைச் சொல்லும்போது நான் இன்னும் மென்மையாகச் சொல்வேன்.

கண்ணுக்கே தெரியாத பிழைகளும் இருக்கின்றன, கணினி வந்த பிறகு பிறந்தவை. ஔவையார் என்பதில் முதலில் இருப்பது ஔ என்ற ஒரே உயிரெழுத்து. பலர் ஒ அடித்துப் பக்கத்தில் ள அடிக்கிறார்கள். திரையில் கிட்டத்தட்ட அதேதான் தெரியும். ஆனால் தேடினால் கிடைக்காது. கௌரவம் என்பதைக் கெ, ள, ர என்று அடிப்பதும் அப்படியே. சந்தேகமாக இருந்தால் அம்பு விசையால் அந்த எழுத்தைத் தாண்டிப் பாருங்கள். ஒரே தாவலில் தாண்டினால் சரி. இரண்டு தேவைப்பட்டால் உள்ளே ளகரம் இருக்கிறது. எகரத்துக்குப் பதிலாக ஏழு என்ற தமிழ் எண் வந்து உட்காருவதும் உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் பிரித்தறிவது கடினம்: எ, ௭.

ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. குறில் கொம்புக்கும் நெடில் கொம்புக்கும் வேறுபாடு இருக்காது. காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது இப்படிப்பட்ட ஏடுகளைத்தான் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எது புள்ளி, எது கால் என்று எழுத்தெழுத்தாகத் தீர்மானித்தார். எழுதியவர் குறிக்காமல் விட்டதையெல்லாம் படிப்பவர் சுமந்த காலம் அது. நமக்குப் புள்ளியும் காலும் கொம்பும் விரல் நுனியில் இருக்கின்றன. அந்தச் சுமையைத் திரும்பவும் படிப்பவர் தலையில் ஏற்றுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

என் கையில் இருக்கும் ஒரு வழியையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். தமிழில் ற் என்ற மெய்க்குப் பின்னால் இன்னொரு மெய் புள்ளியோடு வராது. எனவே கட்டுரையைத் திறந்து, தேடும் பெட்டியில் ற்க் என்று அடிப்பேன். அடுத்து ற்ச், அடுத்து ற்ப். கிடைப்பதெல்லாம் பிழை, யோசிக்கவே வேண்டாம்: அதற்க்கு, முயற்ச்சி, ஏற்ப்பாடு. ட்-க்கும் இதே விதிதான், காட்ச்சி, நட்ப்பு எல்லாம் அதில் சிக்கும். வாட்ச், மேட்ச் போன்ற ஆங்கிலத்திலிருந்து வந்த சொற்களை மட்டும் விட்டுவிட வேண்டும். அப்புறம் ண்ற; றகரத்துக்கு இணை னகரம்தான் என்பதால் இதுவும் பிழை. பிறகு "பொருத்தவரை" என்று முழுச் சொல்லாக ஒரு தேடல்; "என்னைப் பொறுத்தவரை" என்பதில் பலரும் சறுக்குகிறார்கள். நீண்ட கட்டுரைக்கும் சில நிமிட வேலைதான். இது முடிந்த பிறகுதான் நிதானமாக ஒருமுறை படிப்பேன், வலி வழி மாதிரியானவற்றுக்காக.

பிழையைக் கண்டால் பொதுவெளியில் வந்து கேலி செய்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. பள்ளியை விட்ட பிறகு தமிழில் ஒரு கடிதம்கூட எழுதியிராதவர்கள் இன்றைக்குக் கைபேசியில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அவர்களில் ஒருவரைச் சிரித்து விரட்டினால், அடுத்த முறை அவர் ஆங்கிலத்திலோ, ஆங்கில எழுத்தில் தமிழாகவோ எழுதிவிட்டுப் போய்விடுவார். நான் தனிச்செய்தியில்தான் சொல்வேன். சரியான சொல், அதன் வேர், அவ்வளவுதான். கட்டுரையில் பிடித்த ஒரு வரியையும் குறிப்பிடுவேன், அது உண்மையிலேயே பிடித்திருந்தால். கோபித்துக்கொண்டவர்கள் மிகக் குறைவு.

எல்லாவற்றையும் திருத்துவதும் இல்லை. ஆட்களின் பெயரில் கை வைக்க மாட்டேன். ஒருவர் தன் பெயரை எப்படி எழுதுகிறாரோ அதுதான் அதற்கு எழுத்துக்கூட்டு. வாழ்த்துகளா, வாழ்த்துக்களா என்ற சண்டையிலும் இறங்க மாட்டேன். நான் எழுதுவது வாழ்த்துகள். இரண்டு தரப்பிலும் தமிழறிந்தவர்கள் இருக்கிறார்கள், காரணமும் சொல்கிறார்கள். ஒரே பதிவில் இரண்டும் கலந்து வந்தால் மட்டும், "இதில் எது வேண்டும் உங்களுக்கு?" என்று கேட்டு, சொன்னதைப் போட்டு அனுப்பிவிடுவேன்.