எல்லையோர வீடுகளின் மாயாபஜார்

ஆந்திர எல்லையில் நகரி, புத்தூர் பக்கத்தில் பல வீடுகளில் பாட்டிக்குத் தெலுங்கு, பேத்திக்குத் தமிழ். இரண்டு பேரையும் ஒரே பாயில் உட்காரவைக்கிற படம் மாயாபஜார். 1957-இல் கே.வி. ரெட்டி அதை இரண்டு மொழியிலும் எடுத்தார். அபிமன்யு தெலுங்கில் நாகேஸ்வர ராவ், தமிழில் ஜெமினி கணேசன். சாவித்திரியும், கடோத்கஜனாக வரும் ரங்காராவும் இரண்டிலும் உண்டு.

உயிர்நாடி 'கல்யாண சமையல் சாதம்'தான். பாடியது தமிழில் திருச்சி லோகநாதன், தெலுங்கில் மாதவபெத்தி சத்யம். விருந்துக் கூடத்தில் கடோத்கஜன் தனியாக நிற்கிறான். கை படாமலே லட்டுகள் எழும்பி வாய்க்குள் போகின்றன. அந்தச் சிரிப்பு பாட்டோடு இழைந்தே வருவதால் மூன்று வயதுப் பிள்ளைக்கும் மொழி தேவையில்லை. கணினி இல்லாத நாளில் இத்தனையும் மார்க்கஸ் பார்ட்லியின் கேமராவுக்குள் நடந்தது. 'ஆஹா இன்ப நிலாவினிலே' என்ற நிலாப் பாட்டின் வெளிச்சமும் அவர் கைவண்ணமே.

டிவியில் போடும்போது ஒன்று கவனியுங்கள். படம் அகலத்துக்கு இழுபட்டால் ரங்காராவ் குட்டையாகிவிடுவார், அந்த மலைபோன்ற உருவமே போய்விடும். அளவை 4:3-க்கு மாற்றுங்கள். இரண்டு ஓரமும் கறுப்பாகத் தெரிவதுதான் சரி. 2010-இல் வண்ணமேற்றி வந்தது தெலுங்குப் பதிப்பு. நிலாப் பாட்டை மட்டுமாவது கறுப்பு வெள்ளையில் பாருங்கள்.