அறுபது பேரை ஊத வைத்த காலை

சேலம் கருப்பூர் பக்கம் ஒரு ரிஃப்ராக்டரி (சூளைச் சூட்டைத் தாங்கும்) செங்கல் கம்பெனியில் வருடாந்திர மருத்துவ முகாம். மெஷினில் ஊத வைத்து, நுரையீரல் எவ்வளவு காற்றை வெளியே தள்ளுகிறது என்று அளக்கும் ஸ்பைரோமெட்ரி என் பொறுப்பு. போன வருடம் ஒரே காலையில் அறுபது பேரை ஊத வைத்துவிட்டு, சாப்பாட்டுக்கு முன்பே பெட்டியைக் கட்டிவிட்டேன். அன்று அது சாமர்த்தியமாகத்தான் தெரிந்தது.

ஒரு வாரம் கழித்து டாக்டர் கூப்பிட்டார். பாதிப் பேருக்கு நுரையீரல் கொள்ளளவு குறைவு என்று வந்திருந்தது. ஆபீஸில் கணக்கு எழுதுகிறவருக்கும் அதே கதை. "தூசியே படாத ஆளுக்கு எப்படிம்மா? ஊதும்போது மெஷின் வரையற கோட்டைப் பார்த்தியா?" பார்க்கவில்லை. நம்பரை மட்டும் எழுதியிருந்தேன். பல கோடுகள் இரண்டாவது நொடியிலேயே அறுந்து நின்றன; யாரும் முழுசாக ஊதி முடிக்கவில்லை என்று அர்த்தம்.

அப்புறம் ஒவ்வொன்றாகத் தோண்டினோம். உயரத்தை அளக்காமல், அவரவர் சொன்னதை அப்படியே போட்டிருந்தேன். செருப்பைக் கழற்றி அளந்தால் சிலருக்கு நான்கு சென்டிமீட்டர் குறைந்தது. மெஷினில் ஐரோப்பியர்களுக்கான ஒப்பீட்டு அளவு வேறு. அதை வைத்துப் பார்த்தால் நம்மவர்களின் நல்ல நுரையீரலும் கம்மியாகத்தான் தெரியும். அளவைச் சரிபார்க்கும் 3 லிட்டர் சிரிஞ்ச், வாங்கிய அட்டைப்பெட்டியிலேயே தூங்கியது. தினமும் காலையில் அதை அழுத்திப் பார்த்து, 3 சதவீத வித்தியாசத்துக்குள் வந்தால்தான் ஆளை உட்கார வைக்க வேண்டும். முதல் நாள் 2.78 காட்டியது. சென்சாரில் பழைய எச்சில் காய்ந்து கிடந்தது.

இதெல்லாம் மெஷின் சமாச்சாரம், சரி பண்ணிவிடலாம். ஊத வைப்பதுதான் பாடு.

இந்த வருடம் சூளைக்கார அண்ணா ஒருவர் வாயில் வெற்றிலையோடு வந்தார். கொப்பளித்துவிட்டு ஊதியதில் 2.31 லிட்டர். உதட்டோரம் காற்று கசிந்தது. மூக்குக்குக் கிளிப் மாட்டியதும், "என்ன பாப்பா, துணி காயப்போடற கிளிப்பா?" என்று சிரித்ததில் அடுத்த தடவை வீண். நானே எழுந்து நின்று ஊதிக் காட்டினேன். "இழுங்க, இன்னும் இழுங்க, சட்டை பட்டன் தெறிக்கணும்! இப்ப வெடி மாதிரி விடுங்க... நிறுத்தாதீங்க, ஊதுங்க ஊதுங்க ஊதுங்க!" கழுத்து நரம்பு புடைக்க ஆறு நொடி தாண்டியும் ஊதினார். 2.90. அப்புறம் 2.84, 2.93.

மூன்று முயற்சி பிசகில்லாமல் அமைந்து, பெரிய இரண்டுக்கும் இடைவெளி 150 மில்லிக்குள் இருந்தால் போதும். எட்டுத் தடவைக்கு மேல் யாரையும் வாட்டக் கூடாது. அவருக்கு ஐந்திலேயே முடிந்தது.

வயது ஏற ஏற யாருக்கும் வருடத்துக்கு 25, 30 மில்லி தானாகவே குறையும். அந்த 2.31-ஐ எழுதியிருந்தால் அவர் நுரையீரலுக்கு இருபது வயதைக் கூட்டியிருப்பேன். அதைவிட மோசம், முதல் அளவே பொய்யாகக் குறைந்திருந்தால், நாளைக்கு சிலிக்கா தூசி நிஜமாகவே அரிக்கும்போது யாருக்கும் தெரியாது.

இப்போது ஒரு காலைக்கு இருபத்தைந்து பேர்தான். "போன வருஷம் அறுபது முடிச்சீங்களே" என்று மேனேஜர் முகம் சுளித்தார். அந்த அறுபது கோடுகளையும் அவர் மேசையில் பரப்பினேன்.

மூன்று பேருக்கு நிஜமாகவே குறைவு. எக்ஸ்ரேவுக்கு அனுப்பியிருக்கிறோம். அதில் ஒருவருக்குப் போன வருடம் நான் நார்மல் என்று எழுதியிருந்தேன். கிளிப் போடாததால், நடுவில் மூக்கு வழியே ஒரு மூச்சு இழுத்து மீண்டும் ஊதியிருக்கிறார்.