வேலைப் பெயரில் இருந்த தோட்டம்

பினாங்கில் ஓர் ஆய்வு நிலையத்தின் கணினி மையத்தில் 11 ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். சுமார் 300 ஆய்வாளர்கள் பகிர்ந்துகொள்ளும் கணினித் தொகுப்பைப் பராமரிப்பது எங்கள் வேலை. யார் எப்போது எந்த முகவரியிலிருந்து நுழைந்தார் என்பதைக் கணினியும், எத்தனை கோர்களை (கணக்கிடும் அலகுகளை) எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார், எந்தக் கோப்புறையிலிருந்து எந்தப் பெயரில் கணக்கீட்டு வேலையை அனுப்பினார் என்பதை வரிசையை நிர்வகிக்கும் ஸ்லர்ம் மென்பொருளும் பதிந்துவைக்கும். பல ஆண்டுகளாக அவை அப்படியே சேர்ந்துகொண்டிருந்தன. எதற்காக என்று நான் கேட்டதே இல்லை.

கேட்க வைத்தவர் கெடாவிலிருந்து வந்து முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த ஒரு மாணவி. “அண்ணே, மற்றவர்கள் அனுப்பும் வேலையெல்லாம் பட்டியலில் எனக்குத் தெரிகிறது. என்னுடையது அவர்களுக்குத் தெரியுமா?” என்றார். தெரியும் என்றேன். அவர் ஆராய்ந்தது பரம்பரையாக வரும் ஒரு நோயை. கோப்புகளை அடையாளம் காண வசதியாக இருக்குமென்று, ஒரு தோட்டத்தின் பெயரையும் நோயின் பெயரையும் சேர்த்து வேலைக்கும் கோப்புறைக்கும் பெயரிட்டிருந்தார். “அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இப்போது 14 வீடுதான் அண்ணே மிச்சம். யார் வீட்டில் என்ன நோய் என்று ஊருக்கே தெரிந்துவிடும்.”

நெறிமுறைக் குழு கேட்டபடி நோயாளிகளின் பெயர்களை நீக்கி எண்களை இட்டவர் அவர். தரவுக்குள் அத்தனை கவனமாக இருந்தும், தரவை வைத்திருந்த கோப்புறையின் பெயர் எங்கள் பதிவேட்டின் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. தனியாக மாற்றியமைக்காவிட்டால், ஒருவருடைய வேலைகளை மற்றப் பயனர்கள் எல்லோரும் பார்க்கும்படிதான் ஸ்லர்ம் இயங்கும். அதை மூட அமைப்புக் கோப்பில் ஒரு வரி போதும். அன்று மாலையே எழுதிவிட்டேன். ஆனாலும் ஆறு ஆண்டுகளின் பதிவுகள் எங்கள் தரவுத்தளத்தில் இருந்தன. மற்றவர் கண்ணுக்கு மறைந்த அந்தத் தோட்டத்தின் பெயரை நான் மட்டும் எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம் என்பது எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

சேகரிக்கும் ஒவ்வொரு விவரத்திற்கும் காரணத்தை எழுதித் தருமாறு மையத் தலைவர் கேட்டார். மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. அது வணிகப் பரிமாற்றங்களுக்கே உரியது, மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது. அது நம்மைத் தொடுமா என்று கூட்டத்தில் நெடுநேரம் பேசினார்கள். தொட்டாலும் தொடாவிட்டாலும், நோக்கம் நிறைவேறத் தேவையான காலத்திற்கு மேல் தரவை வைத்திருக்கக் கூடாது என்னும் அதன் கொள்கையை நாம் அளவுகோலாகக் கொள்ளலாம் என்று சொன்னேன். பயனர் ஒப்புதல் தந்திருக்கிறாரே என்றார் ஒருவர். வேறு கணினி இல்லாத மாணவர் படிவத்தில் கையெழுத்திடாமல் என்ன செய்வார்? அந்தக் கையெழுத்தை என்னால் காரணமாக ஏற்க முடியவில்லை.

கணினி நேரப் பங்கீட்டைப் பற்றி எழுதும்போதுதான் தெளிவு பிறந்தது. அதிகம் பயன்படுத்தியவரைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளிக் குறைவாகப் பயன்படுத்தியவரை வரிசையில் முன்னே விடுவதற்கு, ஒவ்வொருவரின் பழைய பயன்பாட்டையும் அறிந்தாக வேண்டும். ஆனால் அந்தக் கணக்கில் பழைய பயன்பாட்டிற்கு அரை ஆயுட்காலம் உண்டு; அந்தக் காலம் கழியும்போதெல்லாம் அதன் மதிப்பு பாதியாகும். எங்கள் அமைப்பில் அந்தக் காலம் 7 நாள். அதாவது, இன்று செலவிட்ட 1,000 மணி நேரம் பத்து வாரம் கழிந்தால் ஒரு மணி நேரத்திற்கும் குறைவாகவே எண்ணப்படும். பத்து வாரத்தில் மென்பொருளே மறந்துவிடும் ஒன்றை, பயனரின் பெயரோடு ஆறு ஆண்டுகள் வைத்திருக்க என்னிடம் காரணம் இல்லை. ஆண்டறிக்கைக்குத் துறைவாரியான மொத்த மணி நேரம் போதும்.

நுழைவு முகவரிகள் வேறு வகை. 2020 மே மாதம் திருடப்பட்ட நுழைவுச் சான்றுகளால் ஐரோப்பாவில் பல மீக்கணினிகள் ஊடுருவப்பட்டு, எடின்பரோவின் ஆர்ச்சர் உட்படச் சில நிறுத்திவைக்கப்பட்டன. அத்தகைய நேரத்தில் எவர் கணக்கு எங்கிருந்து திறக்கப்பட்டது என்பது தெரியாவிட்டால், பாதிக்கப்பட்ட பயனரையும் காப்பாற்ற முடியாது. அவற்றை 12 மாதங்களுக்கு வைத்துக்கொள்ளவும், இருவர் சேர்ந்து கேட்டால் மட்டுமே திறக்கவும் முடிவு செய்தோம்.

இதற்கிடையில் ஒரு பேராசிரியர், தம் மாணவர்கள் இரவில் வேலை செய்கிறார்களா என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டார். அவரிடம் கெட்ட எண்ணம் இல்லை. மாணவர்களின் முன்னேற்றத்தில் உண்மையாகவே கவலை கொண்டவர். ஊடுருவலைக் கண்டறிய எடுத்த பதிவை வருகைப் பதிவேடாக மாற்ற முடியாது என்று பணிவாக மறுத்தேன். சில மாதங்களுக்கு அவர் என்னிடம் பேசவில்லை. அது எனக்கு வருத்தம்தான்.

வேலைப் பெயரையும் கோப்புறைப் பெயரையும் இப்போது 14 நாள்களில் அழித்துவிடுகிறோம். தோல்வியுற்ற வேலைக்கு உதவி கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் அதற்குள் வந்துவிடுகிறார்கள். அந்த மாணவி எண்களையே பெயராக வைக்கிறார். பழைய பதிவுகளைத் தரவுத்தளத்திலிருந்து நீக்கினோம். காப்பு நாடாக்களில் மட்டும் அவை இன்னும் இருக்கின்றன. அவற்றில் பிறருடைய ஆய்வுக் கோப்புகளும் கலந்திருப்பதால், ஒவ்வொன்றாக வேறு நாடாவுக்குப் பிரித்தெடுத்துப் பதிந்த பிறகே அழிக்க முடியும். ஒன்பதில் ஏழு முடிந்துவிட்டன. அந்தத் தோட்டத்தின் பெயர் இருக்கும் நாடா எட்டாவது; அடுத்த வாரம் அதைத் தொடங்குகிறேன்.